ப்ரெஸ்னு எழுதின ஜாக்கெட் காப்பாத்துதா, காட்டிக்குடுக்குதா?

நைட்டெஸ்க்
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு சத்தமில்லாம போறவன், இன்னிக்குத்தான் இழை ஆரம்பிக்கிறேன், நீளமா போனா பொறுத்துக்குங்க. நான் செய்தி டெஸ்க்ல ராத்திரி ஷிப்ட். களத்துக்கு போனதில்ல, போகவும் மாட்டேன், அந்த தைரியம் எனக்கு கிடையாது. அங்கேர்ந்து வர்ற படம், வீடியோ, வாய்ஸ் நோட் எல்லாத்தையும் பார்த்து, கேப்ஷன் சரிபார்த்து ஏத்திவிடுறதுதான் வேலை.

போன மாசம் சண்டை நடக்குற எடத்துலேர்ந்து ஒரு உள்ளூர் ஸ்ட்ரிங்கர், அதாவது சம்பளத்துல இல்லாம அனுப்புற படத்துக்கு காசு வாங்குறவர், நாலு படம் அனுப்பியிருந்தார். நாலுமே தூரத்துலேர்ந்து எடுத்தது, வெறும் புகைதான் தெரியுது. நான் பழக்கதோஷத்துல "கொஞ்சம் கிட்டக்க எடுத்தது ஏதாவது இருக்கா"ன்னு தட்டிட்டேன். ரெண்டு டிக் விழுந்துச்சு, நீலமாகல. நாப்பது நிமிஷம். டீ எடுத்துட்டு வந்து வச்சது ஆடை கட்டிப்போச்சு. அப்புறம் வாய்ஸ் நோட் வந்துச்சு, பதினோரு செகண்ட், மேல்மூச்சு வாங்குது, பின்னாடி தகரம் ஒண்ணு காத்துல அடிச்சுக்குற சத்தம். "ஜாக்கெட்டை கழட்டி வண்டியிலயே போட்டுட்டேன், அதோட நின்னா என் பக்கத்துல யாரும் நிக்க மாட்டேங்குறாங்க, போய்யா போய்யாங்குறாங்க." அவ்வளவுதான்.

அதாவது ப்ரெஸ்ஸுங்குற எழுத்தை பார்த்தாலே இங்க குண்டு விழும்னு ஜனங்க நினைக்கிற நிலைமை. இது எப்பலேர்ந்து இப்படி ஆச்சு? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

திண்ணைப்பேச்சு
கேக்குறதுக்கு கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா ஒண்ணு சொல்றேன், யாரும் திட்டாதீங்க. யாரு போகச் சொன்னா? குண்டு விழுற எடம்னு தெரிஞ்சுதானே போறாங்க. பேர் வாங்கணும், அவார்டு வாங்கணும். ராணுவ வீரனுக்காவது உத்தரவு இருக்கு, இவங்களுக்கு என்ன?

ஓரப்பார்வை
திண்ணை, திட்டல, ஆனா "போறாங்க"ங்குற உங்க வார்த்தையிலயே தப்பு இருக்கு. பெரும்பாலானவங்க எங்கயும் போகல. சண்டைதான் அவங்க வீட்டு வாசலுக்கு வந்துச்சு. காசாவை எடுத்துக்குங்க, 2023 அக்டோபர்லேர்ந்து வெளிநாட்டு நிருபர்களை சுயமா உள்ள விடவே இல்ல, ராணுவம் கூட்டிட்டு போய் காட்டினாத்தான் உண்டு. அப்ப நாம பார்த்த அத்தனை படமும் யாரு எடுத்தது? அங்கயே பொறந்து, அங்கயே குடும்பத்தோட டென்ட்ல கிடந்து, ரொட்டிக்கு கியூவுல நின்னுட்டு வந்து மைக் பிடிச்சவங்க. பத்திரிகையாளர் பாதுகாப்புக்கான சிபிஜேங்குற அமைப்பு 1992லேர்ந்து கணக்கு வச்சிருக்கு, அதுல பத்திரிகையாளர்கள் இவ்வளவு பேர் செத்த போர் வேற எதுவும் இல்ல. அவார்டு வாங்கவா உக்காந்திருந்தாங்க?

ஜாக்கெட் விஷயத்துக்கு வர்றேன். 2022 மே 11, மேற்குக்கரையில ஜெனின். ஷிரீன் அபு அக்லே, அல் ஜஸீராவுல 25 வருஷம் வேலை பார்த்தவங்க. ப்ரெஸ் ஜாக்கெட் போட்டிருந்தாங்க, ஹெல்மெட்டும் போட்டிருந்தாங்க. தலையில சுட்டாங்க. தங்களோட சிப்பாய் சுட்ட குண்டு தவறுதலா பட்டிருக்க வாய்ப்பு அதிகம்னு இஸ்ரேல் ராணுவமே அந்த செப்டம்பர்ல சொல்லுச்சு, ஆனா யார் மேலயும் கேஸ் இல்ல. அடுத்த வருஷம் அக்டோபர் 13, தெற்கு லெபனான், ஒரு மேட்டு மேல ஏழு பேர் கேமரா வச்சுட்டு நிக்கிறாங்க, மறைஞ்சு இல்ல, வெட்டவெளியில, கிட்டத்தட்ட ஒரு மணி நேரமா, எல்லாரும் ஜாக்கெட்டோட. டேங்க் குண்டு ஒண்ணு விழுந்துச்சு, ராய்ட்டர்ஸ் வீடியோகிராஃபர் இஸ்ஸாம் அப்தல்லா அங்கயே போயிட்டார். 37 செகண்ட் கழிச்சு ரெண்டாவது. ஏஎஃப்பிங்குற பிரெஞ்சு செய்தி நிறுவனத்தோட ஃபோட்டோகிராஃபர் கிறிஸ்டினா அஸ்ஸிக்கு கால் போச்சு. அந்த ஸ்ட்ரிங்கரை சுத்தி நிக்கிற ஜனங்க பைத்தியக்காரங்க இல்ல சார், கணக்கு பார்த்துத்தான் தள்ளி நிக்கிறாங்க.

சட்டப்புலி
சட்டம் என்ன சொல்லுதுன்னு யாராவது கேப்பீங்கன்னு பார்த்தேன், யாரும் கேக்கல, நானே சொல்லிடுறேன். 1977ல ஜெனீவா ஒப்பந்தங்களுக்கு கூடுதல் நெறிமுறை ஒண்ணு வந்துச்சு, அதுல 79வது பிரிவு. போர்முனையில ஆபத்தான வேலை பார்க்குற பத்திரிகையாளர் சிவிலியன், அவ்வளவுதான். அவரை தாக்கக்கூடாது, துப்பாக்கி எடுக்காத வரைக்கும், ஒரு பக்கத்துக்காக சண்டையில இறங்காத வரைக்கும். நிறைய பேர் நினைக்கிற மாதிரி டாக்டர் ஆம்புலன்ஸுக்கு இருக்குற செஞ்சிலுவை மாதிரி தனி சின்னம் எல்லாம் இவங்களுக்கு கிடையாது. ப்ரெஸ்ஸுங்குற அஞ்சு எழுத்து வெறும் வழக்கம், சட்டத்துல அதுக்கு எந்த எடமும் இல்ல. நிலக்கடலை விக்கிறவருக்கு என்ன பாதுகாப்போ அதேதான் நிருபருக்கும்.

இன்னொரு ரகம் இருக்கு, ராணுவத்தோட அனுமதி வாங்கி கூடவே போற போர் நிருபர். அவர் பிடிபட்டா போர்க்கைதி அந்தஸ்து. ஆனா கூடவே போறதுல ஒரு வில்லங்கம், எதிராளி அந்த வண்டியை அடிக்கும்போது உள்ள யாரு இருக்கான்னு பார்க்க மாட்டான், அந்த வண்டி சட்டப்படி அடிக்கக்கூடிய இலக்கு. டேனிஷ் சித்திக்கி, இந்திய ஃபோட்டோகிராஃபர், ஞாபகம் இருக்கா? ரோஹிங்கியா படங்களுக்காக ராய்ட்டர்ஸ் டீமோட 2018ல புலிட்சர் வாங்கினவர். ஆப்கன் சிறப்புப் படையோட போனார், 2021 ஜூலை 13 அவங்க வண்டி மேல ராக்கெட் விழுந்ததை அவரே ட்விட்டர்ல போட்டார், தப்பிச்சார், திரும்பி வரல, 16ஆம் தேதி ஸ்பின் போல்டாக்ல கொல்லப்பட்டார்.

பத்திரிகையாளர் பாதுகாப்புக்குன்னு ஐநா பாதுகாப்பு கவுன்சில் 2006ல 1738ன்னு ஒரு தீர்மானம், 2015ல 2222ன்னு ஒரு தீர்மானம். ரெண்டுமே நல்லா எழுதியிருக்காங்க, படிக்க சுகமா இருக்கும். பத்திரிகையாளர் கொலைகள்ல சுமார் 85 சதவீதத்துக்கு தண்டனை கிடைக்கலைன்னு யுனெஸ்கோ 2024ல சொல்லுச்சு. தீர்மானத்தையும் இதையும் பக்கத்துல வச்சு படிங்க.

மழைக்கால_ஈசல்
நிலக்கடலை விக்கிறவருக்கும் நிருபருக்கும் ஒரே பாதுகாப்புன்னா அப்புறம் பத்து கிலோ ஜாக்கெட்டை எதுக்கு தூக்கிட்டு அலையணும் 😐

ஊசிநூல்
ஈசல், ஜாக்கெட்ல ரெண்டு விஷயம் இருக்கு, எழுத்து வேற, தகடு வேற. எழுத்தை கழட்டலாம், தகட்டை கழட்டாதீங்க. முன்னாடியும் பின்னாடியும் செராமிக் தகடு இருக்குறதால ரைஃபிள் குண்டு நெஞ்சுக்கு போகாது. ஆனா அது மூடுறது நெஞ்சையும் முதுகையும் மட்டும்தான். தொடை, கை, கழுத்து, அக்குள் எல்லாம் தொறந்துதான் கிடக்கு. ஷெல் சிதறல் எந்தப் பக்கத்துலேர்ந்தும் வரும்.

நான் முதலுதவி சொல்லிக்குடுக்குறவ. இப்படி எடங்களுக்கு போறவங்களுக்கு ரெண்டு மூணு தடவ வகுப்பு எடுத்திருக்கேன். எல்லாரும் கேமரா லென்ஸை பத்து நிமிஷம் துடைப்பாங்க, மருந்துப் பையை தொறந்துகூட பார்க்க மாட்டாங்க. அதுல ஒரு பையன், நல்ல பையன், டூர்னிக்கெட்டை, அதான் கை காலை இறுக்கிக் கட்டி ரத்தத்தை நிறுத்துற பெல்ட்டை, பிளாஸ்டிக் கவர்கூட பிரிக்காம பையோட அடியில, சார்ஜருக்கும் சாக்ஸுக்கும் கீழ வச்சிருந்தான். "தொடையில அடிபட்டிருக்கு, எடு"ன்னு சொல்லி வாட்சை பார்த்தேன். ஒரு நிமிஷம் இருபது செகண்ட். எடுக்க மட்டும். கட்டல. தொடையோட பெரிய ரத்தக்குழாய் அறுந்தா மூணு நாலு நிமிஷம்தான் கணக்கு.

2011 ஏப்ரல் 20, லிபியாவுல மிஸ்ராட்டா, டிம் ஹெதரிங்டன், கிறிஸ் ஹோன்ட்ரோஸ்னு ரெண்டு ஃபோட்டோகிராஃபர்கள் ஒரே தாக்குதல்ல போயிட்டாங்க. ஹெதரிங்டன் ரத்தம் போய்த்தான் செத்தார். கூட இருந்தவங்களுக்கு நிறுத்தத் தெரிஞ்சிருந்தா பிழைச்சிருப்பாரோங்குற நினைப்புலதான் அவரோட நண்பர் செபாஸ்டியன் ஜங்கர் ரிஸ்க்குங்குற பேர்ல ஃப்ரீலான்ஸ்காரங்களுக்கு இலவச முதலுதவி பயிற்சி ஆரம்பிச்சார். எனக்கு கேட்டா ஜாக்கெட்ல எழுத்து இருக்கா இல்லையாங்குற சண்டையைவிட டூர்னிக்கெட் எந்த பாக்கெட்ல இருக்குங்குறதுதான் முக்கியம். எந்தக் கையாலயும் எட்டணும். ஒரு கை போயிருக்கும்ல.

நைட்டெஸ்க்
ஊசிநூல் மேடம், கடைசி வரியை படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஸ்க்ரீனை மூடிட்டேன்.

பனங்காய்
நான் வேற பக்கத்துக் கதை ஒண்டு சொல்லுறன். எல்லாரும் குண்டு விழுற இடத்தைப் பற்றியே கதைக்கிறியள். எங்கட பக்கத்து ஊடகக்காரர் கனபேர் போர்முனையில சாகேல்ல, வீட்டில செத்தவை. நிமலராஜன், பிபிசி தமிழோசைக்கு யாழ்ப்பாணத்தில இருந்து செய்தி குடுத்தவர். 2000 ஒக்டோபர் 19, இரவு, ஊரடங்கு. வீட்டில இருந்து எழுதிக்கொண்டிருக்கேக்க ஜன்னலுக்கால சுட்டவங்கள், வீட்டுக்குள்ள கிரனேட்டும் எறிஞ்சவங்கள், தாய் தகப்பனுக்கும் காயம். ஊரடங்கு நேரம், சுத்தி காவலரண், அதுக்குள்ள ஆர் வந்து ஆர் போனது எண்டு நீங்களே யோசியுங்கோ.

2006 மே 2 உதயன் பேப்பர் அலுவலகத்துக்குள்ள புகுந்து சுட்டதில வேலை செய்த ரெண்டு பேர் செத்தவை. அடுத்த நாள் மே 3, உலக பத்திரிகை சுதந்திர தினம், யுனெஸ்கோ அந்த வருசம் விழா வச்சது கொழும்பில. இதுக்கு மேல நான் என்ன சொல்லுறது. அந்தக் காலத்தில அந்த ஒப்பீசுக்குப் போன ஆக்களிட்டக் கேட்டுப் பாருங்கோ, சுவரில குண்டு பட்ட ஓட்டையள அவங்கள் பூசாமலே விட்டு வச்சிருந்தவங்கள்.

லண்டன் பேப்பர் நிருபர் மேரி கொல்வினுக்குக் கண் போனதும் எங்கட இடத்திலதான், 2001 ஏப்ரல், வன்னியில இருந்து இரவோட இரவா வெளிய வரேக்க. ஜேர்னலிஸ்ட், ஜேர்னலிஸ்ட் எண்டு கத்தினவ. கத்தினதுக்குப் பிறகுதான் ஆமிக்காரர் கிரனேட் அடிச்சவங்கள்.

மழைக்கால_ஈசல்
அவங்கதானே அப்புறம் சிரியாவுல...

ஓரப்பார்வை
ஆமா. ஹோம்ஸ், பாபா அம்ர், 2012 பிப்ரவரி 22. முந்தின நாள் ராத்திரி சேட்டிலைட் வழியா பிபிசி, சிஎன்என், சேனல் 4 மூணுலயும் பேசினாங்க, காலையில அவங்க தங்கியிருந்த வீட்டு மேல குண்டு. கூடவே ரெமி ஓஷ்லிக், பிரெஞ்சு ஃபோட்டோகிராஃபர், 28 வயசு. தற்செயலா விழலைங்குறதை அவங்க குடும்பம் அமெரிக்க கோர்ட்ல நிரூபிச்சாங்க, 2019ல தீர்ப்பு வந்துச்சு, சிரிய அரசு குறிவச்சு செஞ்ச கொலைன்னு. 30 கோடி டாலருக்கு மேல நஷ்டஈடு. யாரு குடுக்கப் போறா, அது வேற.

இதுல நமக்கு விஷயம் என்னன்னா, ஜாக்கெட் மட்டும் இல்ல, செய்தி அனுப்புறதே காட்டிக்குடுக்குற வேலையா ஆயிடுச்சு. சேட்டிலைட் ஃபோன் ஆன் பண்ணா சிக்னல் கிளம்பும், அதை வச்சு எடத்தை கண்டுபிடிக்கலாம். லைவ் போனா பின்னாடி தெரியுற தண்ணி டேங்கை வச்சே எந்தத் தெருன்னு சொல்லிடுவான். படத்துக்குள்ள லொகேஷன் ஒளிஞ்சிருக்கும். அதனால அனுபவசாலிங்க எடத்தை விட்டு கிளம்பினப்புறம்தான் அனுப்புவாங்க, ஒரே எடத்துலேர்ந்து ரெண்டு தடவ அனுப்ப மாட்டாங்க. டெஸ்க்ல உக்காந்து "எங்க இருக்கீங்க, லைவ் லொகேஷன் ஷேர் பண்ணுங்க"ன்னு அக்கறையா கேக்குறவங்களும் யோசிக்கணும். ஏற்பாடு பண்ணின நேரத்துக்கு ஒரு "ஓகே" மெசேஜ், அது வரலைன்னா யாருக்கு ஃபோன் போடணும்னு முன்கூட்டியே எழுதி வைக்கிறது, அது போதும்.

திண்ணைப்பேச்சு
சரி, உள்ளூர்க்காரங்க விஷயத்துல நான் பேசினது அவசரம், ஒத்துக்குறேன். ஆனா வெளியிலேர்ந்து போறவங்க விஷயத்துல என் கேள்வி அப்படியே இருக்கு.

ஓரப்பார்வை
வெளியிலேர்ந்து போறவரும் தனியா போறதில்ல திண்ணை. பாஷை தெரிஞ்ச ஒருத்தர், ரோடு தெரிஞ்ச ஒருத்தர், எந்த செக்போஸ்ட்ல யாருகிட்ட எப்படி பேசணும்னு தெரிஞ்ச ஒருத்தர் வேணும். ஃபிக்ஸர்ம்பாங்க. பைலைன்ல பேர் வராது. ஆபத்துல பங்கு மட்டும் சரிபாதி, சில சமயம் முழுசா.

2007ல ஆப்கானிஸ்தான்ல இத்தாலி நிருபர் ஒருத்தரை தாலிபான் பிடிச்சான், கூட டிரைவரும் அஜ்மல் நக்ஷ்பந்தின்னு ஃபிக்ஸரும். டிரைவரை முதல்லயே கொன்னுட்டான். பதிலுக்கு அஞ்சு தாலிபான் கைதியை ஆப்கன் அரசு விட்டுச்சு, இத்தாலிக்காரர் வீட்டுக்கு போனார். அஜ்மலை ஏப்ரல்ல கழுத்தறுத்தாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு செப்டம்பர் 2009, குந்தூஸ், நியூயார்க் டைம்ஸ் நிருபரும் அவரோட ஃபிக்ஸர் சுல்தான் முனாதியும் கடத்தப்பட்டாங்க. கமாண்டோ வந்து மீட்டாங்க, நிருபர் பிழைச்சார், முனாதி அந்த சண்டையிலயே செத்தார், உடம்பை அங்கயே விட்டுட்டு ஹெலிகாப்டர் கிளம்பிடுச்சு. அவர் ஜெர்மனியில படிச்சுட்டிருந்தவர், லீவுக்கு ஊருக்கு வந்திருந்தார். உக்ரைன்ல 2022 மார்ச் 14, ஒரு டிவி டீம் வண்டி மேல குண்டு, கேமராமேன் செத்தார், கூட இருந்த உள்ளூர் ஃபிக்ஸர் ஒலெக்சாண்ட்ரா குவ்ஷினோவாவும் செத்தாங்க. வயசு 24. அன்னிக்கு தலைப்புச் செய்தியில யாரோட பேர் முதல்ல வந்துச்சுன்னு தேடிப் பாருங்க.

சட்டப்புலி
இங்க நான் ஓரப்பார்வையோட கொஞ்சம் முரண்படுறேன். பேர் வராததுக்கு எல்லா தடவையும் அலட்சியம் காரணம் இல்ல, நிறைய ஃபிக்ஸர்கள் பேர் போடாதேன்னு அவங்களே சொல்றாங்க, பேர் வந்தா அடுத்த நாள் வீட்டுக்கு ஆள் வரும். பேர் கேட்டு சண்டை போடுறதைவிட இன்சூரன்ஸ் கேட்டு சண்டை போடணும்.

நைட்டெஸ்க்
இன்சூரன்ஸ்னு சொன்னீங்க, அதைத்தான் நான் அன்னிக்கு ராத்திரியே தேடினேன். எங்க ஆபீஸ்லேர்ந்து போற ஸ்டாஃபுக்கு பாலிசி இருக்கு, ஜாக்கெட் இருக்கு, பயிற்சி இருக்கு. ஸ்ட்ரிங்கருக்கு படத்துக்கு இவ்வளவுன்னு காசு, அதோட சரி. அவர் போட்டிருந்த ஜாக்கெட்டே இன்னொருத்தர்கிட்ட இரவல் வாங்கினதாம். மேல கேட்டேன், பார்க்கலாம்னாங்க. இன்னொருத்தர், நல்ல மனுஷர்தான், "பேசாம ஃப்ரீலான்ஸ்கிட்ட அங்கேர்ந்து வாங்குறதையே நிறுத்திடலாமே, நம்மால ஒரு உயிர் போக வேணாம்"னார். அதுவும் நியாயமாத்தான் பட்டுச்சு. ஆனா அந்த ஸ்ட்ரிங்கர்கிட்ட இதை சொன்னா என்ன சொல்வார்னு யோசிச்சேன்.

ஓரப்பார்வை
இந்த விவாதம் 2014லயே ஓடுச்சு. நாங்க எங்க ஸ்டாஃபை அனுப்பாத எடத்துக்கு போயிட்டு வர்ற ஃப்ரீலான்ஸ்காரங்ககிட்ட படம் வாங்க மாட்டோம்னு ஏஎஃப்பி அறிவிச்சது அந்த வருஷம்தான். அமெரிக்க நிருபர் ஜேம்ஸ் ஃபோலியை ஐஎஸ் தீவிரவாதிங்க கொன்ன வீடியோ ஆகஸ்ட்ல வந்து ஒரு மாசம்கூட ஆகல. அவர் ஃப்ரீலான்ஸ், 2012 நவம்பர்ல சிரியாவுல கடத்தப்பட்டவர். வாங்குறவன் இருக்குறவரைக்கும் சின்னப் பசங்க ஒரு கேமராவை தூக்கிட்டு பார்டர் தாண்டுவாங்க, வாங்கலைன்னா தாண்ட மாட்டாங்கங்குறது கணக்கு. வெளியிலேர்ந்து போறவங்களுக்கு அது சரி. ஆனா உள்ளயே இருக்குறவனுக்கு? வாங்கலைன்னா அவன் ஆபத்து குறையாது, வருமானம்தான் குறையும். அவன் எப்படியும் அந்தத் தெருவுலதான் இருப்பான். ஒரே விதியை ரெண்டு பேருக்கும் போட முடியாது. என் அபிப்பிராயம், வாங்குங்க, ஆனா ஸ்டாஃபுக்கு என்ன குடுக்குறீங்களோ அதை குடுத்துட்டு வாங்குங்க, முடியலைன்னா கேக்காதீங்க. "கிட்டக்க"ன்னு கேக்குறது மட்டும் கூடவே கூடாது. கோச்சுக்காதீங்க நைட்டெஸ்க்.

நைட்டெஸ்க்
கோவமெல்லாம் இல்ல. அதுக்குத்தானே எழுதினேன்.

பனங்காய்
காசில்லாதவைக்கு ஒண்டு. ஆர்எஸ்எஃப் எண்ட பத்திரிகைச் சுதந்திர அமைப்புக்காரர் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் இரவல் குடுக்கிறவை, ஃப்ரீலான்ஸ் ஆக்களுக்கு இன்சூரன்ஸுக்கும் வழி செய்து குடுக்கிறவை. ரோரி பெக் ட்ரஸ்ட் எண்டும் ஒண்டு இருக்கு, 1993ல மொஸ்கோவில செத்த ஃப்ரீலான்ஸ் கேமராக்காரர் ஒருத்தரின்ர பேரில, ஃப்ரீலான்ஸ் ஆக்களுக்கும் குடும்பத்துக்கும் உதவி. எழுதிக் கேட்டுப் பாக்கச் சொல்லுங்கோ.

மழைக்கால_ஈசல்
யாரும் ட்ரோன் பத்தி பேசலையே? உக்ரைன்ல இப்ப எல்லாம் ஷெல்லைவிட அதுதான்னு படிச்சேன்.

ஊசிநூல்
ஆமா. போன தலைமுறை பாடம் எல்லாம் சத்தத்தை வச்சுத்தான். ஷெல் வர்ற சத்தம், எங்க விழும், எப்ப படுக்கணும். இப்ப சின்ன ட்ரோன் ஓட்டுறவன் கண்ணாடி மாட்டிக்கிட்டு வீடியோவுல உங்களை பார்த்துட்டேதான் வர்றான். 2025 அக்டோபர் 3, டோன்பாஸ்ல அந்தோனி லல்லிகான்னு பிரெஞ்சு ஃபோட்டோகிராஃபர் ட்ரோன் அடிச்சுத்தான் செத்தார், ப்ரெஸ் ஜாக்கெட் போட்டிருந்தார். தூரத்துலேர்ந்து ஷெல் போட்டவன் தெரியாம போட்டேன்னு சொல்லலாம், இவன் எதைச் சொல்வான்?

அப்புறம் அடிபட்டவரை தூக்க ஓடுறவங்களை ரெண்டாவது தடவை அடிக்கிறது. 2025 ஆகஸ்ட் 25, காசாவுல கான் யூனிஸ் நாசர் ஆஸ்பத்திரி, முதல் குண்டு விழுந்ததும் மீட்க ஓடினவங்களும் படம் எடுக்க ஓடினவங்களும் படிக்கட்டுல நிக்கும்போது ரெண்டாவது. ரெண்டுலயும் சேர்த்து அஞ்சு பத்திரிகையாளர்கள் செத்தாங்க. நான் பத்து வருஷமா "உடனே ஓடிப்போய் அழுத்திப் பிடி"ன்னு சொல்லிக்குடுத்தவ. இப்ப "நில்லு, பார், அப்புறம் போ"ன்னு சொல்றேன். சொல்லும்போது வாய் கூசுது.

திண்ணைப்பேச்சு
இவ்வளவையும் பார்த்துட்டு வர்றவங்க தூங்குவாங்களா?

சட்டப்புலி
ஆண்டனி ஃபைன்ஸ்டைன்னு கனடா மனநல மருத்துவர் 140 போர் நிருபர்களை ஆராய்ஞ்சு 2002ல வெளியிட்டார். அவங்க வாழ்க்கையில ஏதோ ஒரு கட்டத்துல அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் வந்தவங்க 28.6 சதவீதம். அப்புறம் அவரே, களத்துக்கு போகாம டெஸ்க்ல உக்காந்து ரத்த வீடியோவை திரும்பத் திரும்ப பார்க்குறவங்களையும் ஆராய்ஞ்சார், அடிக்கடி பார்க்குறவங்களுக்கு பாதிப்பு கூடுதலா இருந்துச்சு. நைட்டெஸ்க், இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

நைட்டெஸ்க்
தெரியும். நான் சத்தத்தை ம்யூட் பண்ணிட்டுத்தான் பார்ப்பேன், ஸ்க்ரீனை சின்னதாக்கிப்பேன். படம்கூட பரவால்ல, சத்தம்தான் வீடு வரைக்கும் வருது. இப்பகூட எங்கயாவது தகரம் அடிச்சுக்கிட்டா திரும்பிப் பார்க்குறேன்.

ஒரு தகவல் சொல்லிட்டு போறேன். நேத்து அந்த ஸ்ட்ரிங்கர்கிட்ட நேரடியாவே மன்னிப்பு கேட்டேன், அன்னிக்கு அப்படி கேட்டிருக்கக்கூடாதுன்னு. அவருக்கு ஞாபகமே இல்ல. எல்லாரும் அப்படித்தானே கேப்பாங்கன்னு சொல்லிட்டு, ஜாக்கெட் கிடைக்கலைன்னாகூட பரவால்ல, ரத்தத்தை நிறுத்துற அந்த பெல்ட் ரெண்டு கிடைக்குமான்னு கேட்டார். ரெண்டு எதுக்குன்னு கேட்டேன். ஒண்ணு தம்பிக்காம், அவன்தான் வண்டி ஓட்டுறான். ஊசிநூல் மேடம், ஆன்லைன்ல பார்த்தா விலை மலைக்கும் மடுவுக்குமா இருக்கு, எது வாங்குறது?

ஊசிநூல்
மலிவா இருக்குறதை வாங்காதீங்க, நிறைய போலி. அசல் மாதிரியே இருக்கும், முறுக்கும்போது குச்சி முறிஞ்சுடும். தனியா மெசேஜ் போடுறேன். ரெண்டுன்னா நாலா வாங்குங்க, ஒரு காலுக்கு சில சமயம் ரெண்டு தேவைப்படும். கைக்கு கிடைச்சதும் கவரை பிரிச்சுடச் சொல்லுங்க, தம்பியையும் சேர்த்து. கட்டின நேரத்தை எழுதுறதுக்கு ஒரு மார்க்கரும் கூட வச்சு அனுப்புங்க.